பேசாத மொழியில் எழுதியவர்கள்: இத்தாலிய இலக்கிய வரலாற்றுக்கு ஒரு தொடக்க அறிமுகம்

1861-ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று இத்தாலி என்ற அரசு முறையாக அறிவிக்கப்பட்டது. அன்று அதன் குடிமக்களில் எத்தனை பேருக்கு இத்தாலிய மொழி பேசத் தெரிந்திருந்தது என்பது மொழியியலாளர்களிடையே நெடுநாளாக நடந்துவரும் விவாதம். நூற்றுக்கு இரண்டரைப் பேர் என்று துல்லியோ தெ மௌரோ கணக்கிட்டார். புளோரன்ஸ் நகரம் அமைந்த டஸ்கனிப் பகுதியின் எழுத்தறியாத மக்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று வாதிட்ட அர்ரிகோ காஸ்தெல்லானி, அதை ஏறத்தாழப் பத்துப் பேராக உயர்த்தினார். எந்தக் கணக்கை ஏற்றாலும் பெரும்பான்மை மக்களுக்கு அது அயல்மொழியாகத்தான் இருந்தது. நாட்டின் முதல் மன்னர் இரண்டாம் வித்தோரியோ எமானுவேலேவே பியட்மாண்ட் வட்டார மொழியிலும் பிரெஞ்சிலும் பேசிப் பழகியவர். ஆனால் அதே மொழியில் தாந்தேயின் காவியம் எழுதப்பட்டு அப்போதே ஏறத்தாழ ஐந்தரை நூற்றாண்டுகள் கடந்திருந்தன.

இத்தாலிய இலக்கியத்தைப் புதிதாகப் படிக்க வருபவர் இந்த முரணைக் கையில் பிடித்துக்கொண்டால் மற்றவற்றைத் தொடர்வது எளிது. ஓர் அரசவையையும் தலைநகரையும் சுற்றி வளர்ந்த பிரெஞ்சைப் போல இத்தாலிய மொழிக்கு ஒரு மையம் இருக்கவில்லை. வெனிஸ் ஒரு குடியரசு, நேப்பிள்ஸ் ஓர் அரசு, ரோம் போப்பாண்டவரின் ஆட்சி, மிலான் ஒரு சிற்றரசு எனத் தீபகற்பம் சிதறிக் கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பேச்சுமொழி இருந்தது. இவற்றைத் திருத்தமில்லாத இத்தாலியம் என்று எண்ணிவிடக் கூடாது. வெனிஸ் மொழியும் நேப்பிள்ஸ் மொழியும் சிசிலி மொழியும் லத்தீனிலிருந்து நேராகப் பிறந்த உடன்பிறப்புகள். புளோரன்ஸ் மொழி அவற்றில் ஒன்று, அவ்வளவே. அந்த ஒன்று மட்டும் எழுத்தின் வழியாக மற்றவற்றுக்கு மேலே ஏறியது. எந்த மொழியில் எழுதுவது என்பது இத்தாலிய எழுத்தாளர் ஒவ்வொருவரும் எழுத உட்காருமுன் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வியாக இருந்தது. அவர்களே இதற்கு ‘மொழிக் கேள்வி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் பார்வையில் இத்தாலிய இலக்கிய வரலாறு என்பது பெரும்பாலும் இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளின் வரலாறு.

வெண்ணிற வயலும் கருநிற விதையும்

வெரோனா நகரத்து ஏடு ஒன்றில், எட்டாம் நூற்றாண்டின் இறுதியிலோ ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ ஒருவர் ஒரு விடுகதையைக் கிறுக்கி வைத்தார். எருதுகளை முன்னே ஓட்டினான், வெண்ணிற வயலை உழுதான், வெண்ணிற ஏரைப் பிடித்தான், கருநிற விதையை விதைத்தான் என்பது அதன் பொருள். விடை, எழுதுபவன்: எருதுகள் அவனுடைய விரல்கள், வயல் தோல் ஏடு, ஏர் இறகுப் பேனா, விதை மை. இதன் மொழி லத்தீனும் அல்லாத, முழுமையாக வேறொன்றாகவும் ஆகாத இடைநிலையில் இருப்பதால் அறிஞர்கள் இதை எங்கே வைப்பது என்று இன்றும் தயங்குகிறார்கள்.

தயக்கமின்றிச் சுட்டக்கூடிய முதல் ஆவணம் இலக்கியமன்று, ஒரு நில வழக்கு. 960-ஆம் ஆண்டு கப்புவா நகரத்தில் மோந்தே கசீனோ மடத்துக்கும் ஒரு நிலவுடைமையாளருக்கும் இடையே தகராறு நடந்தது. இன்ன எல்லைகளுக்கு உட்பட்ட நிலங்களைப் புனித பெனடிக்டின் அந்த மடம் முப்பது ஆண்டுகள் அனுபவித்துவந்ததை நான் அறிவேன் என்று சாட்சிகள் சொன்னார்கள். தீர்ப்பு முழுவதையும் லத்தீனில் எழுதிய எழுத்தர், சாட்சிகளின் வாய்மொழியை மட்டும் அவர்கள் சொன்னபடியே பதிந்து வைத்தார். ஆக, ஐரோப்பாவின் இசைமை மிக்க மொழிகளில் ஒன்றாகப் போற்றப்படும் மொழி, அனுபவ பாத்தியதை குறித்த சாட்சியத்தோடு வரலாற்றுக்குள் நுழைகிறது.

கவிதை பின்னர் வந்தது. அசிசி நகரத்துப் பிரான்சிஸ், தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில், 1225-ஐ ஒட்டி, அம்பிரியா வட்டாரத்து மொழியில் படைப்பின் பாடலை இயற்றினார். கதிரவனை அண்ணன் என்றும் நிலவையும் தண்ணீரையும் அக்கா என்றும் மரணத்தையும் உடன்பிறந்தவளாகவும் விளித்து இறைவனைப் புகழும் பாடல் அது. ஏறத்தாழ அதே காலத்தில் தெற்கே, சிசிலியில் பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கின் அவையில், நீதித்துறையிலும் நிர்வாகத்திலும் பணியாற்றிய அலுவலர்கள் தென்பிரான்சின் பிரொவான்ஸ் பாணர்களின் காதல் கவிதையைத் தம் மொழிக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஜாக்கொமோ தா லெந்தினி என்ற ஆவணப் பதிவாளர், பதினான்கு அடிகள் கொண்ட சானெட் வடிவத்தைக் கண்டவராகக் கருதப்படுகிறார். பிற்காலத்தில் ஐரோப்பிய மொழிகள் அனைத்திலும் பரவிய யாப்பு ஓர் அரசு அலுவலரின் மேசையில் பிறந்திருக்கிறது.

இந்தச் சிசிலிக் கவிஞர்களுக்கு நேர்ந்தது கவனிக்கத் தக்கது. பிரெடரிக்கின் வம்சம் வீழ்ந்தபின் அவர்களுடைய பாடல்கள் டஸ்கனி எழுத்தர்களின் கைப்படிகளில்தான் தப்பின. படியெடுத்தவர்கள் சொற்களைத் தம் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே போனார்கள். சிசிலி மொழியில் ஒன்றாக ஒலித்த உயிரெழுத்துகள் டஸ்கனியில் இரண்டாகப் பிரிந்ததால், அடிகளின் இறுதியில் இயைபு பிசகியது. பிந்தைய கவிஞர்களோ, மூத்தோர் வேண்டுமென்றே கையாண்ட உரிமை அது என்று எண்ணி, பிசகிய இயைபையே பின்பற்றினார்கள். அதற்குச் ‘சிசிலி இயைபு’ என்று பெயரும் வந்தது. படியெடுத்தவரின் பிழை யாப்பு விதியாகிவிட்ட கதை இது. புளோரன்ஸின் மொழி மற்ற மொழிகளை விழுங்கத் தொடங்கியதும் இந்தக் கைப்படிகளில்தான்.

தாந்தே

1265-இல் புளோரன்ஸில் பிறந்த தாந்தே அலிகியேரி, இளமையில் குயிதோ காவல்காந்தி முதலிய நண்பர்களோடு சேர்ந்து, காதலை ஆன்ம உயர்வாகப் பாடும் ‘இனிய புதுநடை’க் கவிதைகளை எழுதினார். பியத்ரீசே என்ற பெண்மீது கொண்ட அன்பையும் அவளுடைய மறைவையும் பாடலும் உரைநடையுமாகக் கோத்த ‘புது வாழ்வு’ அப்போது உருவானது. நகர அரசியலில் இறங்கி 1300-இல் ஆட்சிக் குழு உறுப்பினரான அவர், இரண்டு ஆண்டுகளில் எதிர்க்கட்சியின் கை ஓங்கியபோது ஊழல் குற்றம் சாட்டப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பிடிபட்டால் உயிரோடு எரிக்க வேண்டும் என்று தீர்ப்பு. அதன்பின் அவர் புளோரன்ஸைப் பார்க்கவே இல்லை. 1321-இல் ராவென்னாவில் இறந்தார்.

நாடு கடத்தப்பட்ட முதல் ஆண்டுகளில் அவர் எழுதிய ஒரு சிறு நூல் நம் கேள்விக்கு மிக முக்கியமானது. மக்கள் மொழியின் சொல்வன்மை குறித்த அந்த ஆய்வை அவர் லத்தீனில் எழுதினார்; ஏனெனில் லத்தீன் மட்டுமே படித்தவர்களிடம்தான் அந்த வழக்கை வாதாட வேண்டியிருந்தது. விதிகளைப் படித்துக் கற்கும் லத்தீனைவிட, செவிலியிடமிருந்து விதியேதும் அறியாமல் கற்கும் தாய்மொழியே மேன்மையானது என்று தொடங்குகிறார். பின் இத்தாலியின் பதினான்கு வட்டார மொழிகளை வரிசைப்படுத்தி, தம் சொந்த ஊர் மொழி உட்பட ஒவ்வொன்றையும் குறை சொல்லித் தள்ளுகிறார். இத்தாலிக்கு உரிய உயர்மொழி ஒரு சிறுத்தையைப் போன்றது, அதன் மணம் எல்லா ஊர்களிலும் வீசுகிறது, ஆனால் எந்த ஊரிலும் அது கண்ணில் படுவதில்லை என்கிறார். இரண்டாம் பகுதியின் நடுவிலேயே நூல் நின்றுபோகிறது. தேடிய சிறுத்தையை அவர் வேறொரு நூலில் தாமே உருவாக்கிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘காமெடி’ மட்டுமே. அதைத் ‘தெய்விக’ என்று புகழ்ந்தவர் பொக்காச்சியோ. நூலின் தலைப்பில் அந்த அடைமொழி ஏறியது 1555-ஆம் ஆண்டின் வெனிஸ் பதிப்பில். நரகம், தூய்மை பெறும் மலை, சொர்க்கம் என்ற மூன்று உலகங்களின் வழியாகக் கவிஞரே நடந்து செல்லும் பயணம் 100 காண்டங்களில், 14,233 அடிகளில் விரிகிறது. மூன்று பகுதிகளும் ‘விண்மீன்கள்’ என்ற ஒரே சொல்லில் முடிகின்றன. யாப்பும் இந்த நூலுக்கென்றே அமைந்தது. மூன்று மூன்று அடிகளாக நடக்கும் பாடலில் முதலடியும் மூன்றாமடியும் இயைபு கொள்ளும். நடுவில் தனித்து நிற்கும் அடியின் இயைபை அடுத்த மூன்றடி எடுத்துக்கொள்ளும். அந்தாதியைப் போல ஒன்றின் வாலை மற்றொன்று பிடித்துக்கொண்டு செல்வதால், இடையில் ஒரு மும்மையை உருவவோ புதிதாக ஒன்றைச் செருகவோ முடியாது. கைப்படிகளின் காலத்தில் இது நூலுக்குப் பெரிய காவலாக இருந்திருக்கும்.

மொழியில் அவர் எதையும் விலக்கவில்லை. நரகத்தின் அடித்தளத்தில் சந்தை வசவும் சேறும் மலமும் உண்டு; சொர்க்கத்தில் இறையியலும் வானியலும், பழைய சொற்கள் போதாதபோது அவரே ஆக்கிய சொற்களும் உண்டு. காதலுக்காகக் கொல்லப்பட்டுப் புயலில் அலையும் பிரான்செஸ்கா, கோபுரத்தில் பிள்ளைகளோடு பட்டினியில் அடைபட்ட உகோலினோ, அறிவின் தாகத்தால் கடலின் எல்லையைக் கடந்து மூழ்கிய யூலிசிஸ் ஆகியோரைத் தண்டிக்கும் நூலே அவர்களை மறக்க முடியாதவர்களாகவும் ஆக்குகிறது. தம்முடைய துயரை அவர் சொர்க்கத்தில், ஒரு மூதாதையின் வாக்காகச் சொல்ல வைக்கிறார்: பிறர் வீட்டு ரொட்டி எவ்வளவு உப்புக் கரிக்கும், பிறர் வீட்டுப் படிகளில் ஏறி இறங்குவது எவ்வளவு கடினம் என்பதை நீ அறிவாய். டஸ்கனியில் இன்றும் உப்பில்லாத ரொட்டியே வழக்கம் என்பதை அறிந்து இந்த அடிகளைப் படித்தால் அவற்றின் சுவை வேறு.

இன்னும் இருவர், பிறகு ஒரு தீர்ப்பு

பிரான்செஸ்கோ பெத்ரார்க்காவின் தந்தையும் தாந்தே நாடு கடத்தப்பட்ட அதே 1302-இல் புளோரன்ஸிலிருந்து துரத்தப்பட்டவர். 1304-இல் அரெஸ்ஸோவில் பிறந்து, பிரான்சின் அவிஞோன் பகுதியில் வளர்ந்த பெத்ரார்க்கா, புளோரன்ஸில் வாழ்ந்தவரே அல்லர். தம் புகழ் லத்தீன் நூல்களால் நிற்கும் என்று நம்பினார்; 1341-இல் ரோமில் அவருக்குக் கவி முடி சூட்டப்பட்டதற்கும் லத்தீன் புலமையே காரணம். தாய்மொழிப் பாடல்களைச் சில்லறைத் துண்டுகள் என்றே குறிப்பிட்டார். ஆனால் அந்தத் துண்டுகளை இறக்கும் வரை திருத்தியும் அடுக்கியும் வந்தார். லௌரா என்ற பெண்ணைச் சுற்றி அமைந்த 366 பாடல்களில் 317 சானெட்டுகள். 1327 ஏப்ரல் 6 அன்று அவிஞோன் தேவாலயத்தில் அவளை முதன்முதலாகக் கண்டதாக அவர் குறித்து வைத்திருக்கிறார். தாந்தேக்கு நேர்மாறாக, பெத்ரார்க்காவின் சொற்களஞ்சியம் சிறியது, வடிகட்டியது. கூழாங்கல்லை உருட்டி உருட்டி வழவழப்பாக்குவதுபோல ஒரே மனநிலையை நூறு விதமாகத் தீட்டினார். ஐரோப்பாவின் காதல் கவிதை அடுத்த முந்நூறு ஆண்டுகள் அவர் காட்டிய வழியிலேயே நடந்தது.

ஜொவான்னி பொக்காச்சியோ இந்த இருவருக்கும் இடையே பாலமாக நின்ற மனிதர். தாந்தேயின் காவியத்தைத் தம் செலவில் படியெடுத்துப் பெத்ரார்க்காவுக்கு அனுப்பினார். 1373-இல் புளோரன்ஸ் நகரம் கேட்டுக்கொண்டபடி அதைப் பொதுமக்களுக்கு விளக்கிச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவருடைய ‘தெக்காமரோன்’ 1348-இன் கொள்ளைநோயில் தொடங்குகிறது. பிணங்கள் குவிந்த புளோரன்ஸை விட்டு வெளியேறிய ஏழு பெண்களும் மூன்று ஆண்களும் நாளுக்குப் பத்தாக, பத்து நாட்களில் நூறு கதைகள் சொல்கிறார்கள். தந்திரக்காரத் துறவிகள், ஏமாந்த கணவர்கள், சமயோசிதம் உள்ள பணிப்பெண்கள், கடலில் அனைத்தையும் இழந்து மீளும் வணிகர்கள் என்று வாணிப நகரத்தின் வாழ்க்கை முழுவதும் அதில் இருக்கிறது. பொக்காச்சியோவின் நீண்ட, லத்தீன் சாயல் கொண்ட வாக்கியங்கள் முதல் வாசிப்பில் மூச்சு முட்ட வைக்கலாம். புதிதாகப் படிப்பவர் முன்னுரையின் கொள்ளைநோய் வருணனையையும் விருப்பமான சில கதைகளையும் மட்டும் படித்தால் போதும்.

மூவரும் எழுதி முடித்தபின் இயல்பாகத் தொடர்ந்திருக்க வேண்டிய வளர்ச்சி ஒரு நூற்றாண்டு தடைப்பட்டது. பெத்ரார்க்கா தொடங்கிவைத்த பண்டை நூல் ஆர்வம் அறிஞர்களை மீண்டும் லத்தீனுக்கு இழுத்துச் சென்றது. அது வீணான நூற்றாண்டு அன்று. பேரரசர் கான்ஸ்டன்டைன் போப்புக்கு நிலம் வழங்கியதாகச் சொல்லப்பட்ட சாசனம் போலி என்று 1440-இல் லொரென்ஸோ வல்லா மொழி ஆராய்ச்சியைக் கொண்டே நிறுவினார். ஆனால் மக்கள் மொழி இலக்கியம் பின்னிருக்கைக்குப் போனது.

அதை முன்னால் கொண்டுவந்தது அச்சு. எல்லா ஊர்களிலும் விற்க வேண்டிய புத்தகத்துக்கு எல்லா ஊர்களிலும் புரியும் ஒரு மொழி வேண்டும். வெனிஸின் புகழ்பெற்ற அச்சகத்தார் ஆல்தோ மனூசியோ, 1501-இல் பெத்ரார்க்காவின் பாடல்களைக் கையடக்கப் பதிப்பாக வெளியிட்டபோது அதைச் செப்பனிட்டவர் பியெத்ரோ பெம்போ என்ற வெனிஸ் பிரபு. 1525-இல் அவரே மொழிக் கேள்விக்கு ஒரு தீர்ப்பையும் எழுதினார். லத்தீனுக்கு வெர்ஜிலும் சிசெரோவும் அளவுகோலாக இருப்பதைப்போல, இத்தாலிய மொழிக்குக் கவிதையில் பெத்ரார்க்காவும் உரைநடையில் பொக்காச்சியோவுமே அளவுகோல் என்றார். தாந்தே முரட்டுச் சொற்களைக் கலந்துவிட்டதாகச் சொல்லி ஒதுக்கினார். அன்றைய புளோரன்ஸ் தெருப்பேச்சையும் அவர் ஏற்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் இறந்தவர்களின் மொழியே வேண்டும் என்றார். எதிர்ப்புகள் பல எழுந்தும் அவர் கட்சியே வென்றது.

இந்தத் தீர்ப்பின் விளைவை லுதோவிக்கோ அரியோஸ்தோவின் நூலில் நேராகவே பார்க்கலாம். காதலால் பித்துப் பிடித்த ஓர்லாந்தோ என்ற வீரனின் கதையை அவர் 1516-இல் வடக்கத்திச் சாயல் கலந்த மொழியில் வெளியிட்டார். பெம்போவின் நூல் வந்தபின், 1532-இன் இறுதிப் பதிப்புக்காக அதன் சொற்களையும் விகுதிகளையும் அடியடியாகத் திருத்தினார். தொலைந்த அறிவைத் தேடி ஒருவன் நிலவுக்குப் பறப்பதும், பூமியில் தொலைந்தவை எல்லாம் அங்கே குவிந்து கிடப்பதும் இந்தக் காவியத்தில்தான். அதே 1532-இல் அச்சேறிய நிக்கொலோ மாக்கியவெல்லியின் ‘இளவரசன்’ வேறு வகை. 1512-இல் பதவி பறிக்கப்பட்டு, மறு ஆண்டு சித்திரவதையும் சிறையும் கண்டு, கிராமத்தில் ஒதுங்கிக் கிடந்த ஒரு முன்னாள் அதிகாரி எழுதிய சிறு நூல் அது. பகலில் மதுக்கடையில் சூதாடிவிட்டு, மாலையில் சேறு படிந்த உடையைக் களைந்து, அரசவைக்குரிய ஆடை அணிந்து, பழைய நூலாசிரியர்களோடு உரையாட அமர்வதாக அவர் நண்பர் வெத்தோரிக்கு எழுதிய கடிதம், இத்தாலிய உரைநடையின் மிக அழகிய பக்கங்களில் ஒன்று. பெம்போவின் பொக்காச்சியோ நடை அதில் இல்லை. வாள்வீச்சுப் போன்ற குறுகிய, உயிருள்ள புளோரன்ஸ் மொழி இருக்கிறது.

1583-இல் புளோரன்ஸில் தோன்றிய மொழிக் கழகத்தின் பெயர் ‘குரூஸ்கா’. அதற்குத் தவிடு என்று பொருள். தவிட்டைச் சலித்துத் தள்ளி, மாவை மட்டும் எடுப்பதே தம் வேலை என்று அதன் உறுப்பினர்கள் சொல்லிக்கொண்டார்கள். சல்லடையே அவர்களுடைய சின்னம். 1612-இல் அவர்கள் வெளியிட்ட அகராதி பிற ஐரோப்பிய மொழிகளின் கழகங்களுக்கு முன்மாதிரியானது. சலிப்பில் யார் யார் தவிடாகிப் போனார்கள் என்பது வேறு கதை: எருசலேமின் மீட்பைப் பாடிய பெருங்கவிஞர் தோர்க்குவாத்தோ தாஸ்ஸோ முதற்பதிப்பின் மேற்கோள் ஆசிரியர்களில் இடம்பெறவில்லை.

இங்கே நம்மோடு உண்மையான தொடர்புள்ள ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. 1680-இல் வடஇத்தாலியின் காஸ்திலியோனேயில் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கிதான் தமிழ்நாட்டில் வீரமாமுனிவர் ஆனார். செந்தமிழுக்கு ஒன்றும் கொடுந்தமிழுக்கு ஒன்றுமாகத் தனித்தனி இலக்கணங்களும் சதுரகராதியும் அவர் செய்தார். வீட்டில் ஒரு மொழி, ஏட்டில் ஒரு மொழி என்ற நிலையில் வளர்ந்தவருக்கு நம்முடைய இரட்டை வழக்கு விந்தையாகத் தோன்றியிருக்காது.

ஆற்றில் அலசிய நாவல்

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளைச் சற்று விரைவாகக் கடக்கலாம். கவிஞர் மரினோவும் அவரைப் பின்பற்றியவர்களும் அணிகளை அடுக்கி வியப்பூட்டினார்கள். அந்தக் காலத்தின் சிறந்த உரைநடை ஒரு விஞ்ஞானியிடம் கிடைத்தது. கலிலேயோ தம் 1632-ஆம் ஆண்டு உரையாடல் நூலை லத்தீனில் எழுதாமல் இத்தாலிய மொழியில் எழுதினார். சலித்துத் தள்ளப்பட்ட வட்டார மொழிகளும் சும்மா இருக்கவில்லை. ஜம்பத்திஸ்தா பசீலே நேப்பிள்ஸ் மொழியில் எழுதி 1634 முதல் வெளியான கதைத் தொகுப்பில்தான் சிண்டரெல்லா கதையின் முதல் ஐரோப்பிய இலக்கிய வடிவங்களில் ஒன்று இருக்கிறது. வெனிஸின் கார்லோ கொல்தோனி, முகமூடி நடிகர்களின் இட்டுக்கட்டும் நாடகத்தை எழுதப்பட்ட நகைச்சுவையாக மாற்றினார்; ஒரே பருவத்தில் பதினாறு நாடகங்கள் தருவதாகச் சவால்விட்டு அதை நிறைவேற்றினார். வெனிஸுக்கு அருகிலுள்ள கியோஜ்ஜா மீனவர்களின் சண்டையை அவர்கள் மொழியிலேயே மேடையேற்றினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜாக்கொமோ லெயோபார்டி பழைய இலக்கிய மொழியின் உச்சம். ரெக்கனாத்தி என்ற சிற்றூரில், தந்தையின் நூலகத்தில் உடல்நலம் கெடும்வரை படித்து வளர்ந்த அவர், 1819-இல் ‘முடிவிலி’ என்ற பதினைந்து அடிக் கவிதையை எழுதினார். குன்றின்மேல் ஒரு வேலி பார்வையை மறைக்கிறது. மறைப்பதாலேயே மனம் அதற்கு அப்பாலுள்ள எல்லையற்ற வெளியைக் கற்பனை செய்கிறது. காற்றின் ஓசையில் அந்த எண்ணம் மூழ்குகிறது. இத்தாலியக் கவிதையை ஒரே ஒரு பாடலால் அறிய விரும்புவோருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

ஆனால் கவிதைக்குப் பழைய இலக்கிய மொழி போதும், நாவலுக்குப் போதாது. மிலானில் பிறந்த அலெஸ்ஸாந்த்ரோ மன்ஸோனிக்கு வீட்டில் மிலான் மொழியும் கல்விக்குப் பிரெஞ்சும் இருந்தன. பாமரர்களின் கதையைச் சொல்ல உயிருள்ள இத்தாலியம் கிடைக்கவில்லை. ரென்ஸோ, லூசியா என்ற இரண்டு எளிய பட்டுத்தொழிலாளர்கள் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். உள்ளூர்ப் பிரபு தடுக்கிறான். பஞ்சமும் 1630-இன் மிலான் கொள்ளைநோயும் குறுக்கிடுகின்றன. ‘நிச்சயிக்கப்பட்டவர்கள்’ என்ற இந்த நாவலை அவர் 1827-இல் வெளியிட்ட உடனே குடும்பத்தோடு புளோரன்ஸுக்குச் சென்றார். துணிகளை (புளோரன்ஸ் வழியே ஓடும்) ஆர்னோ ஆற்றில் அலசுவது என்று இன்றும் இத்தாலியர் மேற்கோள் காட்டும் தொடர் இந்தப் பயணத்திலிருந்து வந்தது. பதின்மூன்று ஆண்டுகள் உழைத்து, படித்த புளோரன்ஸ் மக்கள் அன்றாடம் பேசும் மொழிக்கு நாவல் முழுவதையும் மாற்றி, 1840 முதல் 1842 வரை பகுதி பகுதியாக மீண்டும் அச்சிட்டார். தம் செலவில் படங்களோடு அச்சிட்டதில் பெரும் நட்டமடைந்தார். பெம்போ இறந்தவர்களின் புளோரன்ஸைத் தேர்ந்தார், மன்ஸோனி வாழ்பவர்களின் புளோரன்ஸைத் தேர்ந்தார் என்று இந்த இரண்டு விடைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒற்றுமைப்பட்ட அரசு 1868-இல் மொழியைப் பரப்பும் வழி கேட்டபோது, டஸ்கனி ஆசிரியர்களை எல்லா மாகாணங்களுக்கும் அனுப்பலாம் என்று அவர் பரிந்துரைத்தார். மொழி மேலிருந்து விதிக்கப்படுவதில்லை, அறிவு பரவினால் அது தானே உருவாகும் என்று மொழியியலாளர் அஸ்கோலி மறுத்தார்.

இலக்கிய வரலாறு என்ற பாடமே அந்த ஆண்டுகளில் உருவானதுதான். புதிய அரசின் முதல் கல்வி அமைச்சராக இருந்த பிரான்செஸ்கோ தெ சாங்தீஸ், 1870-71-இல் தம் இத்தாலிய இலக்கிய வரலாற்றை வெளியிட்டார். நூற்றாண்டுகளாகச் சிதறிக் கிடந்த நூல்களை ஒரு தேசத்தின் தன்வரலாறாகக் கோத்துக் காட்டும் நூல் அது. தாந்தே முதல் மன்ஸோனி வரை நாம் இயல்பாகக் கருதும் வரிசையில் அவருடைய கை உண்டு.

பொய் சொல்லும் சொற்கள்

நாடு ஒன்றுபட்ட பின் வந்த பெரிய எழுத்தாளர்களில் பலர் ஓரங்களிலிருந்து வந்தவர்கள். சிசிலியின் ஜொவான்னி வெர்கா, 1881-இல் வெளியிட்ட ‘மலவோலியா’ நாவலில் ஆச்சி த்ரெஸ்ஸா மீனவக் குடும்பம் ஒன்று கடனுக்கு வாங்கிய பயறு மூட்டைகளோடு படகையும் கடலில் இழந்து சிதைவதைச் சொன்னார். சொற்கள் இத்தாலியம், வாக்கியத்தின் நடையும் பழமொழிகளும் சிசிலி. கதைசொல்பவரே ஊரில் ஒருவராகிவிடுகிறார். 1948-இல் இயக்குநர் விஸ்கோந்தி இதைத் திரைப்படமாக்கியபோது அந்த ஊர் மீனவர்களையே நடிக்க வைத்து, அவர்கள் மொழியிலேயே பேசவிட்டார். சிசிலியில் இத்தாலியம் ஏழைகளின் மொழியன்று என்ற அறிவிப்போடு படம் தொடங்குகிறது.

1934-இல் நோபல் பெற்ற லுயிஜி பிரான்தெல்லோ, ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் தம் சொந்த ஊரான ஜிர்ஜெந்தியின் பேச்சொலிகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். முகமூடிக்கும் முகத்துக்கும் உள்ள இடைவெளியையே நாடகமாக்கிய அவருடைய ‘ஆசிரியரைத் தேடும் ஆறு கதாபாத்திரங்கள்’ 1921-இல் ரோமில் அரங்கேறியபோது, பார்வையாளர்கள் பைத்தியக்கார விடுதி என்று கத்தினார்கள். 1926-ஆம் ஆண்டின் நோபலைப் பெற்ற கிராத்சியா தெலெத்தா, சார்தீனியாவில் நான்கைந்து வகுப்புகளே படித்து, வீட்டில் சார்தீனிய மொழி பேசி, நூல்களிலிருந்து இத்தாலியம் கற்றவர். திரியெஸ்தே துறைமுகத்தின் வணிகர் இதாலோ ஸ்வேவோ இதை இன்னும் கூர்மையாகச் சொல்கிறார். 1923-இல் வெளியான நாவலில் அவருடைய நாயகன் ஸேனோ, மனநல மருத்துவருக்காக எழுதிய வாக்குமூலத்தை நம்ப வேண்டாம் என்கிறான்: நாங்கள் உச்சரிக்கும் ஒவ்வொரு டஸ்கனிச் சொல்லிலும் பொய் சொல்கிறோம், எங்கள் அகராதியில் சொல் இருக்கும் நிகழ்ச்சிகளையே விரும்பிச் சொல்கிறோம். மொழிக் கேள்வி இங்கே மனித மனத்துக்குள்ளேயே புகுந்துவிடுகிறது.

கவிதையில் உங்காரெத்தி முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளிலிருந்து இரண்டே அடிக் கவிதை எழுதும் அளவுக்கு மொழியை உரித்தார். மொந்தாலே லிகூரியாவின் வறண்ட கடற்கரையைப் பாடினார். பாசிச ஆட்சி வட்டார மொழிகளையும் அயற்சொற்களையும் பத்திரிகைகளிலிருந்து விரட்ட முயன்றது. அந்த ஆட்சியின் முடிவில் நடந்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். தூரின் நகரத்து யூத வேதியியலாளர் பிரீமோ லெவி, ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து மீண்டு எழுதிய ‘இவனும் மனிதனா’ என்ற நூலைப் பெரிய பதிப்பகம் மறுத்தது. 1947-இல் ஒரு சிறு பதிப்பகம் 2,500 படிகள் அச்சிட்டது. அதில் ஓர் அத்தியாயம்: இளம் கைதி ஒருவனோடு சூப்புப் பாத்திரத்தை எடுத்துவர நடக்கும் வழியில், அவனுக்கு இத்தாலியம் கற்றுக்கொடுக்க லெவி தாந்தேயின் யூலிசிஸ் காண்டத்தை நினைவிலிருந்து சொல்லிப் பிரெஞ்சில் விளக்குகிறார். விலங்குகளைப் போல வாழ்வதற்கு நீங்கள் படைக்கப்படவில்லை என்று யூலிசிஸ் தன் மாலுமிகளிடம் சொல்லும் அடிகள் முதன்முறையாகக் கேட்பதுபோல அவர் காதில் ஒலிக்கின்றன. இடையில் சில அடிகள் மறந்துபோகின்றன. அந்த இணைப்பை நினைவுகூர முடிந்தால் அன்றைய சூப்பையே கொடுத்துவிடலாம் என்று எண்ணுகிறார். பள்ளியில் மனப்பாடம் செய்த பாட்டு எதற்கு உதவும் என்று கேட்பவர்கள் இந்தப் பக்கங்களைப் படிக்கலாம்.

போருக்குப் பின் மொழியின் நிலை வேகமாக மாறியது. 1954-இல் தொடங்கிய தொலைக்காட்சி, தெற்கிலிருந்து வடக்கின் ஆலைகளுக்கு நடந்த குடிபெயர்வு, 1962-இல் வந்த பொதுவான இடைநிலைப் பள்ளி ஆகியவை மன்ஸோனியின் ஆசிரியர்கள் செய்யாததைச் செய்தன. இதாலோ கால்வினோ 1956-இல் வட்டாரங்களிலிருந்து இருநூறு நாட்டுப்புறக் கதைகளைத் தெரிந்தெடுத்து இத்தாலிய மொழிக்கு மாற்றித் தந்தார். பசோலினியோ மறுதிசையில், தாயின் ஊரான பிரியூலியின் மொழியில் கவிதை எழுதத் தொடங்கி, ரோம் சேரிகளின் பேச்சை நாவலுக்குக் கொண்டுவந்தார். உம்பர்த்தோ எக்கோவின் 1980-ஆம் ஆண்டு நாவலான ‘ரோஜாவின் பெயர்’, 1327-இன் மடம் ஒன்றில் நடக்கிறது. அதில் வரும் சல்வத்தோரே என்ற துறவி, எல்லா மொழிகளையும் கலந்து எந்த மொழியிலும் சேராத ஒன்றைப் பேசுகிறான்.

எலெனா ஃபெர்ரான்தே என்ற புனைபெயரில் 2011 முதல் 2014 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்த நேப்பிள்ஸ் நாவல்களில், ஏழைக் குடியிருப்பில் வளரும் இரு தோழியரில் ஒருத்தி படிக்கிறாள், மற்றவள் பள்ளியிலிருந்து நிறுத்தப்படுகிறாள். படித்தவளுக்கு இத்தாலியம் அந்தத் தெருவை விட்டு ஏறிச்செல்லும் ஏணி. கோபம் வந்தால், அடிதடி நடந்தால், தாய் திட்டினால், எல்லோரும் நேப்பிள்ஸ் மொழிக்கு இறங்கிவிடுகிறார்கள். ஆனால் நூலில் அந்த மொழி ஏறத்தாழ எழுதப்படுவதே இல்லை. அவள் அதை எங்கள் பேச்சில் சொன்னாள் என்று இத்தாலிய மொழியில் குறித்துவிட்டு, கதைசொல்லி அடுத்த வரிக்குப் போய்விடுகிறாள்.